பண்ணை வீட்டு முன்வாசல்

போன வாரம் ஒரு மாட்டுக் கொட்டகையில் தங்கினேன். ஏசி போட்ட மாட்டுக் கொட்டகை.

சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது. மாடு வேண்டுமானால் சிரிக்கும்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலத்திலிருந்து உள்ளே பிரிகிற சாலையில், நான் பள்ளிக்கூடம் படித்த ஊரில், மிராசுதார் வீடு ஒன்று இருக்கிறது. 'பண்ணை வீடு' என்று கேட்டால் சுற்றுவட்டாரத்தில் யாரானாலும் வழி சொல்வார்கள். தெருவில் ஆரம்பித்துக் கொல்லை வாய்க்கால் வரை ஒரே வீடு. தாத்தா நெல்லை அளந்தார். பிள்ளைகள் நிலத்தை விற்று இன்ஜினீயர் ஆனார்கள். பேரன்கள் அமெரிக்காவில் வேறு வீட்டுக்கு லோன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்களே, அந்தச் சமயத்தில்தான் இந்த வீட்டைப் பூட்டினார்கள். அப்புறம் ரொம்ப காலம் வௌவால்களின் ராஜ்ஜியம்.

இப்போது வெளியூர் கம்பெனி ஒன்று லீசுக்கு எடுத்து, பொட்டிக் ஹோட்டல் ஆக்கிவிட்டது. பொட்டிக் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அறை குறைவு, வாடகை அதிகம். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

நானாகப் போகவில்லை. என் சம்பாத்தியத்துக்கு அந்த ஹோட்டலின் சோப்பைத்தான் வாங்க முடியும். என்னை அழைத்துப் போனவள் எஸ்தர்.

எஸ்தர் என் வகுப்புத் தோழி. மஸ்கட்டில் இருபத்தைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆகி மயிலாடுதுறையில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரே மகன், கனடாவில். அறுபதாவது பிறந்தநாளுக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவள் நகை கேட்கவில்லை, ஜெருசலேம் டூர் கேட்கவில்லை. "பண்ணை வீட்டுல ஒரு நாள் தங்கணும்யா" என்றாளாம். அவனும் நெட்டில் தேடி, அங்கே இருப்பதிலேயே விலை கூடின அறையை புக் செய்துவிட்டு, துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றிருக்கிறான். துணை… நான்.

"எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

"அந்த முன்வாசல் வழியா ஒரே ஒரு தடவ உள்ள போவணும்டி. அவ்வளவுதான். உள்ள போயி எதையும் தூக்கிட்டு வரப்போறதில்ல."

எதற்கு முன்வாசல் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எஸ்தரின் அப்பா சின்னப்பன், பண்ணை வீட்டில் ஆளாக இருந்தவர். அம்மா நடவுக்குப் போனவர். சர்ச் தெருக்காரர்கள். அந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் கொல்லைப் பக்கம்தான் வர வேண்டும். கூலி அங்கே, கஞ்சி அங்கே, திட்டும் அங்கேயே.

பத்தாவதில் எஸ்தர் பள்ளியிலேயே முதல் மார்க். அவளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் நான். நர்ஸ் படிப்புக்கான விண்ணப்பத்தில் பள்ளிக் கமிட்டித் தலைவரின் கையெழுத்து வேண்டும். தலைவர், மிராசுதார். சின்னப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வாசல் என்று யோசிக்காமல், நேரே முன்வாசலுக்குப் போய் நின்றுவிட்டார்.

உள்ளே ஊஞ்சலில் இருந்த மிராசுதார் ஏறிட்டுப் பார்த்தாராம். "இந்தப் பக்கம் வரக் கூடாது. கொல்லைப் பக்கமா சுத்தி வரச் சொல்லு." அதைக்கூட நேராகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற காரியஸ்தரிடம் சொன்னார்.

சுற்றிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போட்டார். "நல்லாப் படி" என்றும் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை, பாருங்கள். அதுதான் தொல்லையே. கெட்ட மனுஷர் என்றால் எஸ்தர் நாலு வார்த்தை திட்டிவிட்டு அப்போதே மறந்திருப்பாள். அந்தக் கையெழுத்தில்தான் அவள் படித்தாள், மஸ்கட் போனாள், அண்ணன் குடும்பத்தைத் தூக்கிவிட்டாள், மகனைக் கனடா அனுப்பினாள். நன்றியும் இருக்கிறது, நெஞ்சில் முள்ளும் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை வருஷம் இருப்பாள்?

இந்த இடத்தில் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அந்த முன்வாசல் வழியாகப் போயிருக்கிறேன். எத்தனை தடவை என்றுகூட நினைவில்லை. அப்பா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். கொலு பார்க்க, சுண்டல் வாங்க, அப்பா கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கொடுக்க… ஓடிப் போவேன், ஓடி வருவேன். என்னை யாரும் தடுத்ததில்லை. ஏன் தடுக்கவில்லை என்று நானும் ஒரு நாளாவது யோசித்ததில்லை.

சரி, ஹோட்டலுக்கு வாருங்கள்.

ஹோட்டல் கார் எங்களை மயிலாடுதுறையில் ஏற்றிக்கொண்டது. ஊருக்குள் நுழைந்ததும் எஸ்தர் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். பட்டுப்புடவை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, சிலுவை. பெண் பார்க்க வந்தபோதுகூட அவள் இப்படிப் பதறியிருக்க மாட்டாள். கார் பண்ணை வீட்டுத் தெருவை நெருங்கியது. நெருங்கி… திரும்பாமல் நேரே போய், வாய்க்கால் கரைச் சாலையில் இறங்கி, கொல்லைப்பக்கம் போய் நின்றது.

"இது கொல்லையில்ல?" என்றாள் எஸ்தர், டிரைவரிடம்.

"ரிசப்ஷன் இங்கதாங்கம்மா."

இறங்கினோம். நெல் காய்ந்த களத்தில் கார் பார்க்கிங். ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றிய தாழ்வாரத்தில் சோபா, பித்தளை உருளியில் பூ. ஒரிசாக்காரப் பெண் ஒருத்தி எங்களைவிட நல்ல தமிழில் வணக்கம் சொல்லி நன்னாரி சர்பத் கொடுத்தாள். எஸ்தர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"இந்த இடத்துலதாண்டி எங்கம்மா கூலி நெல்லுக்கு முந்தானைய விரிச்சிக்கிட்டு நிப்பாங்க."

அந்த இடத்தில் இப்போது மேஜை. மேஜைக்குப் பின்னால் மேனேஜர். முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் வருண். காலையில் போட்ட சிரிப்பை இரவுதான் கழற்றுவார் போலிருக்கிறது. "வெல்கம் மேம். இங்க ஒரு சைன் மட்டும்."

"முன்வாசல் வழியா உள்ள வந்துட்டுப் போடறேன் தம்பி."

"மேம்?"

"தெருப்பக்கத்து வாசல். அது வழியா ஒரு தடவ உள்ள வரணும்."

வருண் முகத்தில் நிஜமான கவலை. "ஐயோ, அது சர்வீஸ் என்ட்ரி மேம். ஸ்டாஃப் வர்றது, லாண்டரி, காய்கறி, கேஸ் சிலிண்டர், குப்பை… எல்லாம் அது வழியாத்தான். கெஸ்ட் யாரையும் அலவ் பண்றதில்ல."

புரிகிறதா உங்களுக்கு? வீட்டைக் கம்பெனி திருப்பிப் போட்டுவிட்டது. தெரு குறுகல், பெரிய வண்டி திரும்பாது. கொல்லையிலிருந்து பார்த்தால் வயல் தெரிகிறது, அதற்கு 'பேடி வியூ' என்று பெயர் வைத்து விற்கலாம். ஆகவே கொல்லை முகப்பாகிவிட்டது, முகப்பு கொல்லையாகிவிட்டது. எந்த வாசலில் நிற்கக்கூட எஸ்தரை விடவில்லையோ, அந்த வாசல் வழியாக இப்போது முட்டைக்கோஸ் போகிறது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இந்தப் பத்தியின் பெயரைச் சொல்லி, பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேன் என்று லேசாக ஒரு மிரட்டல் விட்டேன்.

"சூப்பர் மேம். இன்ஃப்ளூயன்சரா? எவ்வளவு ஃபாலோயர்ஸ்?"

உங்களை எல்லாம் எண்ணி வைக்காமல் போனேனே என்று அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன்.

"உங்க கம்ஃபர்ட்டுக்காகத்தான் சொல்றேன் மேம்" என்றார் வருண், எஸ்தரிடம். "அங்க நாத்தமா இருக்கும். உங்கள மாதிரி கெஸ்ட்டை அந்தப் பக்கம் அனுப்பினா எனக்குத்தான் மெமோ."

பதினாறு வயதில் அவள் கீழே இருக்கிறாள் என்று வாசலைச் சாத்தினார்கள். அறுபது வயதில் மேலே வந்துவிட்டாள் என்று சாத்துகிறார்கள். வாசல் என்னவோ அதே வாசல். எஸ்தர் கையெழுத்துப் போட்டாள். மகன் கட்டிய பணம்.

அப்புறம்தான் அறை. இருப்பதிலேயே விலை கூடின அறை என்று சொன்னேன் அல்லவா? அதற்குப் பெயர் 'கோகுலம் ஸ்வீட்', தின்கிற ஸ்வீட் இல்லை. கதவைத் திறந்துவிட்ட பெண் பெருமையாகச் சொன்னாள், வீட்டிலேயே அகலமான இடம் இதுதானாம்… பன்னிரண்டு மாடு கட்டிய கொட்டகை.

எஸ்தர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்கப்பா காவலுக்கு இங்கதான் படுப்பாரு. கொசு புடுங்கி எடுக்கும்னு சொல்லுவாரு."

குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். மாடுகள் கழுநீர் குடித்த கல்தொட்டியை அப்படியே வைத்து, குழாய் போட்டு, வெந்நீரில் ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தார்கள். நெல் பத்தாயம் இருந்த அறை மசாஜ் அறையாகிவிட்டது. மறுநாள் காலை 'நடவு அனுபவம்' வேறு உண்டாம், தனிக் கட்டணம். மன அழுத்தம் குறையும் என்று அட்டையில் போட்டிருந்தது. எஸ்தர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தாள்.

"எங்கம்மாவுக்கு இடுப்புல டிஸ்க் நகர்ந்துபோச்சு. மனசுல அழுத்தம் இருந்துச்சான்னு யாரும் கேக்கல."

அந்த நேரம் பார்த்து மகன் வீடியோவில் வந்தான். "ரூம் எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குய்யா. இவ்வளவு பெரிய ரூமு எதுக்கு எனக்கு?" என்றாள். போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். கொட்டகை என்று மூச்சுவிடவில்லை. நான் வெளியே வந்து, ஒன்றும் தெரியாத அந்த வருணை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

சாயங்காலம் 'ஹெரிடேஜ் ஹவர்'. கூடத்து ஊஞ்சலில் பட்டுக்கரை வேட்டி, அங்கவஸ்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சந்திரசேகர். மிராசுதாரின் பேரன்தான், அமெரிக்கா போகாத ஒரே பேரன். சென்னையில் ரெண்டு பிசினஸ் செய்து ரெண்டும் படுத்துவிட, சித்தப்பாக்கள் லீஸ் பத்திரத்தில் இவருக்கு ஒரு வேலை என்று ஷரத்து சேர்த்துவிட்டார்கள். பதவியின் பெயர் ஹெரிடேஜ் அம்பாசடர். வேலை, சொந்த வீட்டு ஊஞ்சலில் தினமும் ஒரு மணி நேரம் ஆடுவது.

நன்றாகத்தான் கதை சொன்னார். தாத்தா யானை வாங்கப் போய்க் குதிரை வாங்கி வந்தது, கலெக்டர் வந்து தூங்கிப் போனது… மும்பைத் தம்பதியும் ரெண்டு பிரெஞ்சுக்காரப் பெண்மணிகளும் வாய் பிளந்து கேட்டார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேலையாட்களை எல்லாம் எங்க தாத்தா குடும்பமாத்தான் வெச்சிருந்தார்" என்றார்.

நான் எழுந்திருக்கப் போனேன். எஸ்தர் என் தொடையில் கிள்ளினாள். நர்ஸ் கிள்ளு, ரெண்டு நாள் வலித்தது.

முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். "அம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"இந்த ஊருதான் தம்பி."

"அட, நம்மூரா? எந்தத் தெருங்க?"

எந்தத் தெரு என்று எங்கள் பக்கத்தில் கேட்டால், அது தபால் போடுவதற்காகக் கேட்பதல்ல. அது உங்களுக்கும் தெரியும்.

"சர்ச் தெரு" என்றாள் எஸ்தர், அவர் கண்ணைப் பார்த்து.

"ஓ… சரிங்க, சரிங்க. சாப்பிடுங்க" என்றவருக்கு உடனே எங்கிருந்தோ போன் வந்துவிட்டது. போன் அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

நான் இரவெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன். எஸ்தர் நன்றாகத் தூங்கினாள். காலையில் அவளே என்னை எழுப்பினாள். குளித்து, அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"எங்க அண்ணன் மருமக மெர்சி இங்க லாண்டரில இருக்கா. ஏழு மணி ஷிப்ட்டாம். வா."

கொல்லையிலிருந்து வெளியே போய், வாய்க்கால் கரையோடு நடந்து, தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், முக்கால்வாசி சர்ச் தெருப் பெண்கள். சித்திர வேலைப்பாடு செய்த நிலைக்கதவில், யானைக்கும் தாமரைக்கும் நடுவே, ஸ்குரூ முடுக்கிக் கைரேகை மெஷினைப் பொருத்தியிருந்தார்கள். குறுக்கே இடுப்பளவு இரும்புத் தடுப்பு. ரேகை வைத்தால் திறக்கும், ஒரு ஆள் போனதும் சாத்திக்கொள்ளும். ஒரு ரேகைக்கு ஒரு ஆள்.

மெர்சி எங்களைப் பார்த்து விழித்தாள். "என்ன அத்தை, பட்டுப்புடவையெல்லாம் கட்டிக்கிட்டு… ஏதாவது தொலைஞ்சிபோச்சா?"

"இல்லடி. இந்த வாசல் வழியா உள்ள போவணும்."

"இதுல என்ன அத்தை இருக்கு? தெனம் நாங்க போறோம் வர்றோம். நிலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

அவளுக்கு அது வெறும் வாசல். இருக்கட்டும். அதற்காக எஸ்தருக்கு அப்படி இருக்க முடியுமா?

செக்யூரிட்டி வயதானவர், பாவம். "நீங்க கெஸ்ட்டும்மா. இப்படி விட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. வரிசை நின்றுபோனது. மணி ஏழை நெருங்குகிறது. அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர், நம்ம ஹெரிடேஜ் அம்பாசடர். பேன்ட், சட்டை, கையில் டிபன் பை. அவரும் ஸ்டாஃப்தானே? அவருக்கும் இதே வாசல், இதே வரிசை, இதே ரேகை.

விஷயத்தைச் செக்யூரிட்டி அவரிடம் சொன்னார். அவர் எஸ்தரிடம் வந்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார். "அம்மா, இந்தப் பக்கம் வரக் கூடாதுங்க. கொல்லைப் பக்கமா சுத்தி வந்துடுங்க."

எஸ்தர் நகரவில்லை.

"இதையேதான் தம்பி உங்க தாத்தாவும் சொன்னாரு. இதே வாசல்ல. எனக்குப் பதினாறு வயசு. அவரு இவ்வளவு மரியாதையாச் சொல்லல, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவர் டிபன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். 

"எங்கப்பா பேரு சின்னப்பன். உங்க மாட்டோட மாடா கொட்டகைல படுத்துக் கெடந்தாரு. குடும்பம்னு நேத்து சொன்னீங்களே… அதான், குடும்பத்து ஆளு வந்துருக்கேன்."

 சந்திரசேகர் செக்யூரிட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். பிறகு மெஷினிடம் போய்த் தன் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "போங்கம்மா" என்று விலகி நின்றார்.

பெரிய மனசு என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பின்னால் பன்னிரண்டு பேர், லேட் ஆனால் சம்பளம் போகிற பன்னிரண்டு பேர், ஹாரன் அடிக்காத குறையாக நின்றார்கள். எது அவரைத் தள்ளியதோ, அவருக்கே தெரியுமோ என்னவோ. எஸ்தர் செருப்பைக் கழற்றவில்லை. குனிந்து, நிலையில் இடித்துக்கொள்ளாமல், உள்ளே போனாள். தடுப்பு சாத்திக்கொண்டது.

சந்திரசேகர் மறுபடி விரலை வைத்தார். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு.

செக்யூரிட்டி திரையை எட்டிப் பார்த்தார். "சார், நீங்க உள்ள போயாச்சுன்னு காட்டுது. இனிமே சாயங்காலம் வெளிய வந்தாத்தான் எடுக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க சார். அப்படியே கொல்லைப் பக்கமா சுத்தி வந்துடுங்க" என்றார்.

அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து மெர்சி ரேகை வைத்து உள்ளே போனாள். வாசலை அடுத்த இருட்டு நடையில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். கூடத்துக்குள்ளும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

"அத்தை, பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க. நவுருங்க."

"இருடி" என்றாள் எஸ்தர். "வந்துருக்கேன்ல. கொஞ்ச நேரம் நிக்கறேன்."

அதற்குப் பிறகு யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. லேட் ஆனால் ஆகட்டும் என்று பதினொரு பேரும் தெருவில் நின்றார்கள். நானும் அவர்களோடு வெளியேதான் நின்றேன்… என் முறைதான் எப்போதோ முடிந்துவிட்டதே.